ஒரு சாண் கீழ

மொதல்லயே சொல்லிடறேன், எனக்குக் கோவம் ஜாஸ்தி. பேரு வியாகுலம். பட்டாளத்துல பதினேழு வருஷம் இருந்து அவுல்தாரா வெளிய வந்தவன். ஊர்ல இன்னிக்கும் என்னை அவுல்தாருன்னுதான் கூப்புடறாங்க. இந்தக் கதையில பாதித் தப்பு என் வாயோடது, அத நானே ஒத்துக்கறேன். மீதி யாரோடதுன்னு கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

மாரண்டஹள்ளிக்கு மேற்க, காட்டோரமா மூணு ஏக்கரா கொல்லை எங்களுது. எனக்கும் என் தம்பி இன்னாசிக்கும் பொதுப் பட்டா, இன்னும் பாகம் பிரிக்கல. ஓசூர்லருந்து ஒருத்தன் பிளாட் போடறதுக்குக் கேட்டுட்டே இருந்தான். இன்னாசிக்கு வித்துட்டுப் போயிடணும். எனக்கு விக்கக் கூடாது. நான் பனியில கெடந்து காவல் நின்ன காலத்துலயெல்லாம் ரிட்டையர் ஆகி இந்தக் கொல்லைக்கு வரணுங்கற ஒரே நெனப்புலதான் உசுரோட இருந்தேன்.

எங்கப்பா நெனவா சர்ச்சுல வருஷப் பூசை வெச்ச அன்னிக்கு, பங்காளிங்க அத்தன பேரும் பந்தியில உக்காந்திருக்கறப்ப பேச்சு முத்திப் போச்சு. "போன வருஷமும் பன்னி தின்னுச்சு, அதுக்கு முந்தின வருஷமும் பன்னி தின்னுச்சு. நாம என்ன பன்னிக்கு வெள்ளாமை வெக்கறோமா?"ன்னான் இன்னாசி. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. "டேய், இந்தப் போகம் பாதிக் கொல்லைக் கடலக்காயாவது வூடு வந்து சேரலன்னா நானே வந்து கையெழுத்துப் போடறேன். சேந்துட்டா, அப்பறம் நீ விக்கற பேச்சையே எடுக்கக் கூடாது"ன்னேன். எலையில சோத்தப் பெசஞ்சுட்டே சொல்லிட்டேன். எங்க வகையறாவுல சோத்துல கைய வெச்சுட்டு ஒரு வார்த்த சொன்னா சொன்னதுதான், அதுக்கப்பறம் பத்திரமே தேவையில்ல. இன்னாசியும் எலையத் தொட்டு "சரி"ன்னுட்டான்.

எங்கிட்ட லைசென்ஸ் உள்ள ரைபிள் ஒண்ணு இருக்குது. ஆனா நெனச்ச நேரத்துல பன்னியச் சுட்டுட முடியாது. நடையா நடந்து, எங்க கொல்லைக்கு மட்டும்னு ஒரு அனுமதி வாங்கினேன். மூணே மூணு ஞாயித்துக்கெழம, பொழுது சாயற நேரத்துல, பக்கத்துல வனக்காவலர் உக்காந்திருக்கணும், விழுந்தத அங்கயே குழி வெட்டிப் பொதச்சிடணும். வெங்கடாசலம்னு ஒரு காவலரு, நல்ல மனுசன், அவரத்தான் அனுப்பறதா சொன்னாங்க. கூட்டத்துல ஒண்ணு விழுந்துட்டாப் போதும், மத்ததெல்லாம் பத்துப் பதினஞ்சு நாளைக்கு அந்தப் பக்கம் தலை வெக்காது. அதுக்குள்ள கடலக்காயப் புடுங்கிடலாம்.

ஆனா கண்ணு? எனக்கு வயசு அம்பத்தெட்டு. துப்பாக்கியில பின்னாடி ஒரு குறி, முன்னாடி ஒரு குறி, அதுக்கப்பறம் பன்னி. மூணையும் ஒண்ணாப் பாக்கற கண்ணு இப்ப இல்ல. ஒண்ணு தெளிஞ்சா ஒண்ணு மங்குது. துப்பாக்கி மேல மாட்டற தூரக்கண்ணாடி, ஸ்கோப்புன்னு சொல்லுவாங்க, அதுல அந்த வம்பு கெடையாது, குறியும் பன்னியும் ஒரே தூரத்துல தெரியும். "பெங்களூர்ல ஒரு கடை இருக்குதுண்ணா, வா, நான் கூட்டிட்டுப் போறேன்"னு சொன்னது யாரு? இன்னாசிதான். தோத்தாலும் நாயமாத் தோக்கணும்னு நெனைக்கறான் பாரு எந்தம்பின்னு பஸ்ஸுல போறப்பவே எனக்குப் பெருமை தாங்கல. சே.

கடைக்காரர் கன்னடமும் தமிழுமாக் கலந்து பேசற பெரியவரு. கண்ணாடி மேசை மேல வரிசையா எடுத்து வெச்சாரு. என் கை நேரா பெருசுக்குப் போச்சு. மூணு மடங்குலருந்து ஒம்பது மடங்கு வரைக்கும் பெருசாக் காட்டறது. எதுத்த கட்டடத்துல ஒருத்தன் கைக்கடியாரத்துல மணி பாக்கலாம் போல இருந்துச்சு. "இது போதும், கட்டுங்க"ன்னேன்.

இன்னாசி கையப் புடிச்சான். "அண்ணா, பன்னி என்ன மலை உச்சியிலயா நிக்கப் போவுது? அம்பது கஜத்துல பொதருலருந்து வரும், வந்ததும் ஓடும். ஒம்பது மடங்குல பாத்தா உனக்கு வெறும் மசுருதான் தெரியும், தலை எது பின்னாடி எதுன்னு தெரியாது. ஒண்ணுலருந்து நாலு மடங்கு இருக்கறத எடு. ரெண்டு கண்ணையும் தொறந்து வெச்சே சுடலாம். கொல்லையே கண்ணுல நிக்கும்."

கடைக்காரரும் "ஹவுது சார், தம்பி செரியா ஹேள்தாரு"ன்னு தலையாட்டினாரு. நானும் அப்படியே ஒத்துக்கற ஆளா? ஒரு மணி நேரம் சோதிச்சேன். கடைக்குப் பின்னாடி மாடிப்படிக்கு அடியில இருட்டா ஒரு மூலை, அங்க அடுக்கி வெச்சிருந்த பெட்டி மேல எழுத்து தெரியுதான்னு பாத்தேன். பெருசுல மங்கலா இருந்துச்சு, சிறுசுல பளிச்சுன்னு தெரிஞ்சுது. பொழுது சாயற வெளிச்சத்துக்கு அதான் வேணும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நாலு விரல் எடைவெளி வெச்சாலும் முழு வட்டமும் தெரியுதான்னு பாத்தேன். இல்லன்னா ஒதைக்கற ஒதையில புருவம் கிழிஞ்சிடும். குண்டு போற எடத்த ஏத்தி எறக்கத் திருகற கொமிழத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு கிளிக்கும் வெரலுக்குத் தனித்தனியா ஒறைக்குதான்னு பாத்தேன். எல்லாத்துலயும் சிறுசுதான் ஜெயிச்சுது. தம்பி சொன்ன காரணம் ஒண்ணு கூடப் பொய் இல்ல. இன்னிக்கும் யார் வந்து கேட்டாலும் பன்னிக்கு அதத்தான் வாங்கச் சொல்லுவேன். அதான் வயித்தெரிச்சல்.

ஸ்கோப்ப மாட்டினா மட்டும் போதாது. அட்டை வெச்சு சுட்டுப் பாத்து, குண்டு போற எடமும் குறி காட்டற எடமும் ஒண்ணாகற வரைக்கும் கொமிழத் திருகணும். மொத ஞாயித்துக்கெழம காலையில பூசை முடிஞ்சு வந்ததும் கொல்லைக் கோடியில, பாறை மறைப்புல, பிரிட்ஜு வந்த பெரிய அட்டைய நிறுத்தி நடுவுல கரியால ஒரு பொட்டு வெச்சோம். நான் அம்பது கஜம் தள்ளி மணல் மூட்டை மேல துப்பாக்கிய வெச்சுப் படுத்துட்டேன். இன்னாசி பாறைக்குப் பின்னாடி.

இங்கதான் என் பட்டாளத்துப் புத்திய சொல்லணும். ரேஞ்சுல சுடறவன் படுத்த எடத்த விட்டு எந்திரிக்கக் கூடாது. குறி அட்டை இருக்கற பக்கத்துக்கு இங்கிலீஷ்ல பட்டுன்னு பேரு. பட்டுல நிக்கறவன்தான் அட்டையப் பாத்து, குண்டு எங்க பட்டுச்சுன்னு சொல்லணும். அவன் சொல்றதுதான் வேதம். எதுத்துக் கேட்டா சுபேதார் முதுகத் தோலுரிச்சிடுவாரு. பதினேழு வருஷம் அப்படியே பழகிட்டேன். அட்டைய நானே போய்ப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. தோணாதது மட்டுமில்ல, போய்ப் பாத்தா அது தம்பிய அவமானப்படுத்தற மாதிரின்னு வேற நெனச்சேன். நாலு மடங்கு கண்ணாடியில அம்பது கஜத்துல பழுப்பு அட்டையில இருக்கற சின்ன ஓட்டை என் கண்ணுக்குத் தெரியாது. ஒம்பது மடங்கா இருந்தா தெரிஞ்சிருக்கும்.

மொத குண்டு போட்டேன். இன்னாசி பாறைக்குப் பின்னாடியிலருந்து வந்து அட்டைகிட்ட குனிஞ்சு பாத்துட்டு, கைய விரிச்சுக் காட்டிக் கத்தினான்: "ஒரு சாண் கீழண்ணா!"

நான் கணக்குப் போட்டு கொமிழ மேலுக்குத் திருகினேன். ரெண்டாவது குண்டு. "இன்னும் நாலு விரல் கீழ!" மறுபடி திருகினேன். மூணாவது போட்டதும் ரெண்டு கையையும் தூக்கிக் குதிச்சான். "பொட்டு மேலயே பட்டுச்சுண்ணா! பொட்டே காணோம்!"

அன்னிக்கு சாயங்காலம் எட்டுப் பன்னி வந்துச்சு. பெரிய பொட்டைப் பன்னி ஒண்ணு முன்னாடி. வெங்கடாசலம் என் தோளத் தொட்டாரு. முன்னங்காலுக்கு மேல நல்லா நிதானமா வெச்சு அழுத்தினேன். பன்னி முதுகுக்கு மேல பின்னாடி மண்ணு பறந்துச்சு. கூட்டம் காட்டுக்குள்ள போயிடுச்சு. மறுநாளே திரும்பி வந்து கீழ்ப்பாத்தி ரெண்ட உழுத மாதிரி பொரட்டிப் போட்டுடுச்சு.

செவ்வாக்கெழம பெங்களூர் போயி அந்தப் பெரியவர வாயில வந்தபடி பேசினேன். பாவம் மனுசன், பழசத் திருப்பி வாங்கிட்டு வேற ஸ்கோப்பு மாத்திக் குடுத்தாரு. அப்பவும் நான் பெருசக் கேட்டேன், இன்னாசிதான் "மறுபடியும் அந்தத் தப்பப் பண்ணாதண்ணா"ன்னான். ரெண்டாவது ஞாயித்துக்கெழம அட்டை மட்டும்தான் புதுசு, அதே பாறை, அதே கூத்து. ஒரு சாண் கீழ, நாலு விரல் கீழ, பொட்டு மேல. சாயங்காலம் அதே பன்னி, அதே மாதிரி முதுகுக்கு மேல மண்ணு.

வெங்கடாசலம் போறப்ப, "விடுங்க அவுல்தார், எல்லாருக்கும் ஆவறதுதான்"ன்னாரு. அது செருப்பால அடிச்சத விட மோசமா இருந்துச்சு.

அந்த வாரம் நான் தூங்கல. இந்த ஸ்கோப்பும் கோளாறான்னு சோதிச்சேன். துப்பாக்கிய ஆடாம மணல் மூட்டையில கட்டி, செவுத்துல ஒரு ஆணிய அடிச்சு, குறிய ஆணி மேல வெச்சேன். மேல இருபது கிளிக், வலது இருபது, கீழ இருபது, இடது இருபது. சுத்தி வந்த குறி அதே ஆணி மேல வந்து நின்னுச்சு. நாலு தடவ பண்ணேன், நாலு தடவையும் நின்னுச்சு. மாட்டின வளையத்துல திருகெல்லாம் இறுக்கமா இருந்துச்சு. சரி, கண்ணுதான் போச்சுன்னு தருமபுரி போயி கண் டாக்டரப் பாத்தேன். "இந்தக் கண்ணாடி போட்டா உங்களுக்கு ஒரு கொறையும் இல்லைங்க"ன்னுட்டாரு.

அப்ப மிச்சம் இருக்கறது என் கைதான். ராத்திரி இன்னாசி வந்து பக்கத்துல உக்காந்தான். அவன் தோள்ல சாஞ்சு அழுதேன்யா நான். அம்பத்தெட்டு வயசுல. "எனக்குக் கை நடுங்குதுடா, நான் முடிஞ்சு போயிட்டேன்டா"ன்னேன். அவன் என் முதுகத் தடவிக் குடுத்து, "வயசாச்சுண்ணா, மனசுல வெச்சுக்காத. யாரு சொல்லப் போறா"ன்னான். என் பொண்டாட்டி மதலேனம்மாள் சமையக்கட்டு வாசல்ல நின்னு பாத்துட்டு உள்ள போயிடுச்சு.

மூணாவது ஞாயித்துக்கெழம வந்துச்சு. கடைசி நாள். கொல்லையில கால்வாசி போயிருந்துச்சு. இன்னிக்கு விட்டா வெள்ளிக்கெழம புடுங்கறதுக்குள்ள மிச்சத்தையும் தின்னுடும், நான் கையெழுத்துப் போட்டே ஆவணும்.

அன்னிக்குக் காலையில நான் ஒரு வேல பண்ணேன். சுடறதுக்கு முன்னாடி துப்பாக்கிக் குழலோட பின்வாய மூடற போல்ட்டக் கழட்டிட்டு, குழல் வழியாவே பின்னாடியிலருந்து பாத்தேன். குழலோட ஓட்டையில கரிப் பொட்டு நட்ட நடுவுல தெரியற மாதிரி மூட்டைய நகத்தி வெச்சேன். ஆடாம ஸ்கோப்பு வழியாப் பாத்து, அதோட குறியையும் அதே பொட்டுக்குத் திருகினேன். குழலும் கண்ணாடியும் ஒரே எடத்தப் பாக்குது. அப்படி வெச்சா மொத குண்டே பொட்டுக்கு ரெண்டு விரல் அக்கம்பக்கம்தான் விழுவும், பச்சப் புள்ள சுட்டாலும்.

போட்டேன்.

"ஒரு சாண் கீழண்ணா!"

எப்படிடா? மூணு வாரமா, ரெண்டு ஸ்கோப்பு, அதே ஒரு சாணா? ஆனா அப்பக்கூட எனக்கு சந்தேகம் வரல. சத்தியமா வரல. எனக்கு வந்தது கோவம், அந்த அட்டை மேல. அத ஒதைச்சு நாலாக் கிழிச்சுப் போடணும்னு தொப்பியத் தூக்கி வீசிட்டு எந்திரிச்சு நடந்தேன்.

"வராதண்ணா! படு! நான் சொல்றேன்ல!" இன்னாசி கத்தினான். நான் நிக்கல. அவன் அட்டைக்கு முன்னாடி வந்து நின்னான். தள்ளிட்டுப் பாத்தேன்.

ஒரே ஒரு ஓட்டை. கரிப் பொட்டோட ஓரத்தத் தொட்டுட்டு இருந்துச்சு.

எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணுமே புரியல. அதுக்கப்பறம் எல்லாம் புரிஞ்சுது. மொத வாரம் நான் சுட்ட மொத குண்டும் பொட்டுகிட்டதான் பட்டிருக்கும். அவன் பேச்சக் கேட்டு நானே திருகித் திருகி, என் கையாலயே குண்ட மேல ஏத்தி வெச்சிருக்கேன். ஸ்கோப்பு நல்லது. துப்பாக்கி நல்லது. என் கண்ணு, என் கை எல்லாம் நல்லது. என் கூடப் பொறந்தவன் வாய் மட்டும்தான் பொய்.

"ஏன்டா?"ன்னேன்.

அவன் தலைய நிமுத்திதான் பேசினான். "நீ பட்டாளத்துல இருந்தப்ப பதினேழு வருஷம் இந்த மண்ணுல மாடா ஒழச்சது யாரு? நீ வந்த, கொல்லை கொல்லைன்னு நெஞ்ச நிமுத்தின. எனக்கு இது வேண்டாம்ணா. ஒரு நாள் கூட நீ எங்கிட்ட கேக்கல."

"அதுக்கு? நான் உன் தோள்ல சாஞ்சு அழுதேனேடா, அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா நாயே!"

அவன் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஆனா அடுத்து சொன்னான் பாருங்க. "என்னை மட்டும் திட்டாத. ரெண்டு வாரமும் அட்டைய எங்க கொண்டு போயி போட்டேன்னு நெனச்ச? உங்கூட்டு அடுப்புலதான். அண்ணி பாக்காமலா எரிச்சாங்க?"

வூட்டுக்கு எப்படி நடந்து வந்தேன்னு தெரியல. மதலேன் அடுப்பு முன்னாடி உக்காந்திருந்துச்சு. "அட்டையப் பாத்தியா நீ?"ன்னு கேட்டேன். இல்லன்னு சொல்லிடு, சாமி, இல்லன்னு மட்டும் சொல்லிடுன்னு மனசு அடிச்சுக்கிச்சு.

"பாத்தேங்க"ன்னுச்சு.

"ஓட்டை எங்க இருந்துச்சுன்னு தெரியுமா?"

"ஒண்ணு நடுவுல, ரெண்டு மேல. நீங்க வந்து, பொட்டு மேலயே பட்டுச்சு, பொட்டே காணோம்னு சொன்னீங்க. அட்டையில பொட்டு அப்படியே இருந்துச்சு. அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன்."

"தெரிஞ்சும் வாயத் தொறக்கலயே மதலேன். என் கை போச்சுன்னு நான் அழுதத நின்னு பாத்தியே!"

"என்னால முடியலைங்க. நீங்க இல்லாதப்ப பன்னியையும் யானையையும் தகரம் தட்டித் தொரத்தினவ நான். இனிமேலாவது நம்ம பொண்ணு ஜோஸ்பின் இருக்கற ஓசூர்ப் பக்கம் போயிடலாம்னு இருந்தேன்."

"அத என்கிட்ட சொல்றதுக்கு என்ன? சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?"

"சொன்னேங்க. நாலு தடவ சொன்னேன். ஒரு தடவ தட்டத் தூக்கி எறிஞ்சீங்க. மத்த தடவையெல்லாம் துப்பாக்கிய எண்ணெ போட்டுத் தொடச்சுட்டு இருந்தீங்க."

எனக்கு அந்தத் தட்டு ஞாபகம் இருக்கு. எதுக்கு எறிஞ்சேன்னுதான் ஞாபகம் இல்ல.

மறுபடி கொல்லைக்குப் போனேன். இன்னும் ரெண்டு குண்டு போட்டு, ஒவ்வொண்ணுக்கும் நானே நடந்து போயி பாத்து, நானே திருகி முடிச்சேன். சாயங்காலம் வெங்கடாசலம் வந்தாரு. பன்னி வந்துச்சு. விட்டுடலாமான்னு ஒரு நிமிஷம் நெனச்சேன், யாருக்காக சுடறது இனிமேன்னு. ஆனா விட்டா அவங்க ரெண்டு பேரும் நெனச்சது நடந்துடும். என்னை முட்டாளாக்கி ஜெயிச்சிடுவாங்க. அந்தக் கோவத்துல அழுத்தினேன். பெரிய பொட்டைப் பன்னி நின்ன எடத்துலயே விழுந்துச்சு. "அப்பாடா, அவுல்தார்னா அவுல்தார்தான்!"னு வெங்கடாசலம் என் கையப் புடிச்சுக் குலுக்கினாரு. நாங்க ரெண்டு பேரும்தான் குழி வெட்டினோம். இன்னாசி அந்தப் பக்கமே வரல.

கூட்டம் திரும்பி வரல. வெள்ளிக்கெழம ஆள் வெச்சுக் கடலக்காயப் புடுங்கினோம். பாதி என்ன, முக்காவாசி வூடு வந்து சேந்துச்சு. மதலேன் ஆளுங்களுக்கெல்லாம் சோறாக்கிப் போட்டுச்சு, கடைசி மூட்டை உள்ள போற வரைக்கும் வாசல்ல நின்னுச்சு. அப்பறம் உள்ள போயி ஒரு பையோட வெளிய வந்துச்சு.

"நீங்க சொன்ன வார்த்த ஜெயிச்சிடுச்சுங்க. நிலம் உங்களுது. நான் ஜோஸ்பின்கிட்ட போறேன்."

போகாதன்னு சொல்ல வாய் வந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடி கோவம் வந்துடுச்சு. "போ, யாரு புடிச்சா உன்னை!"ன்னு கத்திட்டேன். பஸ் ஏத்தி விடறதுக்கு இன்னாசிதான் வண்டி கொண்டாந்தான். என் மூஞ்சியப் பாக்காம வாசலுக்கு வெளியவே நின்னான். மதலேன் பின்னாடி ஏறி உக்காந்து பைய மடியில வெச்சுக்கிச்சு, வண்டி போயிடுச்சு.

பங்காளிங்க வந்தாங்க. "அவுல்தாரு சொன்னாச் சொன்னபடி செஞ்சுட்டாரு, இனிமே நிலத்த எவனும் தொட முடியாது"ன்னு கையக் குடுத்தாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே கையக் குடுத்தேன். அவுங்க போனதும் கதவ சாத்திட்டு, மூட்டைங்களுக்கு நடுவுல உக்காந்து அழுதேன். இந்தத் தடவ சாஞ்சுக்க ஒரு தோளு கூட இல்ல.